நெட்டியில் கட்டிய குண்டு விமானம்

எட்டடி இறக்கை என்று நான் சொன்னபோது சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்துக் கடை சைக்கிள் பாய். இன்னொருத்தி என் மனைவி. அவள் சிரிக்காததற்கு மரியாதை காரணமில்லை. எட்டடியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நாங்கள் எங்கே படுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், எனக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்று இருந்தது. வோல்டேஜ் குறைந்தால் பம்ப்செட் மோட்டார் புகைந்துவிடும். வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பேன். ஐ.டி.ஐ.யில் படித்த படிப்பு அது. காலனியிலிருந்து வந்து பஜாரில் பெயர்ப்பலகை மாட்டிய முதல் ஆள் தன் பிள்ளைதான் என்று நைனா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். பெயர்ப்பலகைதான் என்னுடையது. கடை ரைஸ்மில் முதலாளியுடையது. நைனா கூலி வேலை செய்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைகிற கொல்லையும் அவருடையதுதான். பழுதுக்கு வரும் மோட்டார்களில் பாதி அவர் வீட்டு மோட்டார்கள். இந்த ஊரில் அவர் கைக்கு வெளியே இருப்பது மலைக்கோட்டை மட்டும்தான் என்று பாய் கிண்டல் செய்வார்.

வார்னிஷ் துடைக்க வாங்கிய பழைய பேப்பர் கட்டில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. நடுப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் பறந்த நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, முன்னாலிருந்து எப்படி என்று மூன்று படமாக, அளவோடு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பல மாதம் அதைப் பார்த்துக்கொண்டே காயில் சுற்றினேன். ஒரு நாள், இதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஏன் என்று கேட்காத ஆள் இல்லை. அதிலும் ஏன் குண்டு போடுகிற பிளேன், சின்னதாக ஒன்று பண்ணினால் அடக்கமாக இருக்குமே என்றார்கள். அந்த அடக்கம் என்ற வார்த்தைதான் எனக்கு ஆகாது. பிறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அடக்கமாகப் பேசு, அடக்கமாக நில், சைக்கிளை விட்டு இறங்கி அடக்கமாகத் தள்ளிக்கொண்டு போ. எனக்குப் பெரிதாக ஒன்று செய்ய வேண்டும். அது சத்தம் போட வேண்டும். அதை யாராக இருந்தாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஒரு காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

மெட்ராஸில் பொம்மை விமானம் விற்கும் ஒரு கடைக்காரர், இந்த மாதிரி விமானங்களுக்குக் குட்டி இன்ஜின் உண்டு, மெத்தனால் என்கிற ஸ்பிரிட்டை ஊற்றி ஓட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் அதை ஆசையாகப் பாயிடம் சொன்னேன். அவர் சைக்கிள் ரிம்மிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

“தம்பி, நீ ஒரு கேன் ஸ்பிரிட்ட எடுத்துக்கினு உங்க காலனிக்குள்ள நடந்து போ. பிளேன் கெளம்புறதுக்கு முன்னாடி உன்ன ஜீப்புல ஏத்திடுவாங்க.”

அவர் சொன்னது வாஸ்தவம். சாராய கேஸ் போட எங்கள் தெருவில் கேன்கூடத் தேவைப்படாது. சரி, அந்தக் கழுதை வேண்டாம், கரண்ட்தானே என் தொழில், கரண்ட்டிலேயே பறக்கட்டும் என்றேன். பேட்டரி வைத்து அவ்வளவு பெரிய விமானம் எழும்பாது என்று மெட்ராஸ் கடைக்காரர் அடித்துச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. முடியாது என்று யாராவது சொல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

பர்மா பஜாரில் ரேஸ் கார் பொம்மைகளுக்குப் போடும் ஜப்பான் மோட்டார் நாலு கிடைத்தது. சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரிகளும் அங்கேயே. மோட்டார்களைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியாகக் குறைந்த சுற்றில் சுற்றினேன். பம்ப்செட்டுக்குச் சுற்றும் விரலுக்கு அது ஊசியில் நூல் கோக்கிற வேலை. கீழே நின்று விமானத்தை ஓட்டுகிற ஒயர்லெஸ் செட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். எழுதிப் போட்டேன். இது சரியில்லை, அது சரியில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நானும் விடாமல் எழுதிப் போட்டு, கடைசியில் வாங்கிவிட்டேன். பின்னால் ஒரு நாள் போலீஸைச் சொல்லி மிரட்டியவர்களுக்கு அதுதான் பதிலாக இருந்தது.

உடம்பு செய்வதற்கு வெளிநாட்டில் பால்சா என்று ஒரு கட்டையைப் பயன்படுத்துவார்கள். அது எங்களுக்கு எட்டாத சரக்கு. ஆனால் எங்கள் ஏரியில் நெட்டி விளைந்தது. பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டும் மாலை அந்த நெட்டித் தண்டில் செய்வதுதான். வெள்ளையாக இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதைச் சீவி இறக்கைக்கு வடிவம் கொடுத்தேன். பலத்துக்கு மூங்கில் வேண்டும். மூங்கிலில் பாயை மிஞ்ச ஆள் கிடையாது. சைக்கிள் கடை அவருக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். வருஷா வருஷம் தர்காவுக்குச் சந்தனக்கூடு கட்டுவதுதான் அவருக்கு வாழ்க்கை. மூங்கிலை விரல் கனத்துக்குப் பிளந்து, நூலால் கட்டி, காகிதம் ஒட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பி நிறுத்துவார். நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினாலும் ஒரு முடிச்சு அவிழாது.

விமானத்தின் முதுகெலும்பை அவர்தான் கட்டினார். காகிதம் ஒட்டியது அவருடைய பசையில். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார். சந்தனக்கூட்டை வருஷம் முழுக்கத் தர்கா கொட்டகையில் வைத்திருப்பார்கள். துத்தம் போடாவிட்டால் எலியும் கரப்பானும் பசைக்காகக் காகிதத்தையே தின்றுவிடும். ஐப்பசி மழையில் கடைக்குள் உட்கார்ந்து, இறக்கை முழுக்க, வால் முழுக்க அந்த நீலப் பசையைத் தடவி ஒட்டினோம். காய்ந்த பிறகு கார் பெயின்ட் அடிப்பவரிடம் வாங்கிய லேக்கரைப் பூசியதும் காகிதம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் கேட்டது. எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. பாய்க்கு இறக்கை ஓரத்தில் ஜிகினா ஒட்ட வேண்டும். குண்டு போடுகிற விமானத்துக்கு எதற்கு பாய் ஜிகினா என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வாலில் மட்டும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மழைக்கு முன்பே ஓட்டவும் பழகியிருந்தேன். ஒற்றை மோட்டார் வைத்த சின்ன விமானம் ஒன்றைச் செய்து, வறண்ட ஏரியில் ஒரு கோடை முழுக்கப் பறக்கவிட்டு, உடைத்து, ஒட்டி, மறுபடியும் உடைத்தேன். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாக மாறிப்போகும். அது கைக்குப் பிடிபட எனக்கு அந்தக் கோடை மொத்தமும் பிடித்தது. ரிமோட்டைக் கையில் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மாசி மாதம் பெரிய விமானம் முடிந்தது. இறக்கையைக் கழற்றி மாட்டும்படி போல்ட் வைத்திருந்ததால்தான் கடையை விட்டே வெளியே வந்தது. ரோட்டோரம் பெஞ்சு போட்டு அதன் மேல் முழுசாகப் பூட்டி நிறுத்தினேன். திண்டிவனம் பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. டிரைவர் இறங்கி வந்து புரொப்பெல்லரை விரலால் சுழற்றிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க நான் முயலவே இல்லை.

இரண்டு நாளில் மில்லின் கணக்குப்பிள்ளை வந்தார். சித்திரையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெரிய விழா. மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர் வருகிறார். விழா நடத்துவது எங்கள் முதலாளி. வருகிறவர் தலையில் பூ தூவ என் விமானம் வேண்டும். விமானத்தின் வயிற்றில் குண்டு போடுவதற்கான கதவு இருப்பதையும், அது ரிமோட்டில் திறப்பதையும் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு நிமிடம் கால் தரையில் இல்லை. பிறகுதான் மீதியைச் சொன்னார். மெட்ராஸில் இன்ஜினீயரிங் படிக்கும் முதலாளியின் அக்கா மகன் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஓட்டுவான். மைக்கில் அவன் பெயரைச் சொல்வார்கள். நான் மில் வேனுக்குள் இருந்து பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்தது நான், ஓட்டுவதும் நான்தான் என்றேன்.

“நீ செய்ஞ்சத யாரு இல்லன்னாங்க? மேடகிட்ட நிக்கறதுன்னா அதுக்கு ஒரு இது வேணும் இல்ல?” என்றார்.

அந்த ‘ஒரு இது’ என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஊரில் அது பேசாமலே விளங்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்தார். முதலாளி அவரைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லி, நிற்கவைத்தே பேசி அனுப்பியிருக்கிறார். திட்டவில்லையாம். உன் பையனுக்குப் புத்தி சொல்லு என்று மட்டும் சொன்னாராம். நைனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“குட்த்துடு பா. பிளேன்தானே. இன்னொண்ணு செய்ஞ்சிக்கோ. இதுக்குப் போயி கடையும் போயி கொல்லியும் போச்சின்னா எங்க போறது?”

முதலாளி மேல் வந்த கோபத்தைவிட நைனா மேல் எனக்கு வந்த கோபம் அதிகம். எங்கள் கூரையில் முதலில் காய்த்த சுரைக்காயை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மாதிரி இதையும் வைத்துவிட்டு வரச் சொல்கிறார் என்று தோன்றியது. நீ குனிஞ்சது போதாதா, நானும் குனியணுமா என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போனார். என் மனைவி அன்று எனக்குச் சோறு போடவில்லை. பேசின வாயால் பசியாறிக்கோ என்று பானையை மூடிவிட்டாள்.

பங்குனியில் ஒரு காலை, காற்று இல்லாத நேரம் பார்த்து, ஏரிக்குள் விமானத்தைக் கொண்டுபோனோம். காலனி முழுக்க வந்திருந்தது. முதலாளிக்காகப் பார்த்துவிட்டுப் போகக் கணக்குப்பிள்ளையும் வந்து, கரை மேல் குடையோடு நின்றார். நாலு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பியபோது எழுந்த இரைச்சலில் குழந்தைகள் ஓடிப்போய்த் தாய்மார் பின்னால் ஒளிந்துகொண்டன. விமானம் ஓடியது, குதித்தது, எழுந்துவிட்டது. பனைமர உயரம் போயிருக்கும். நான் மூக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கப் பார்த்தேன். தூக்கவில்லை. செட்டின் குச்சியைக் கடைசி வரைக்கும் இழுத்தும் அது பாட்டுக்கு இறங்கி, கருவேல முள்ளுக்குள் தலைகீழாகப் போய்ச் செருகிக்கொண்டது.

முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். எங்கள் ஆட்களே சிரித்ததுதான் எனக்கு வலித்தது. கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, இதையெல்லாம் படிச்சவங்க கையில குடுக்கணும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே சேதி வந்தது: உடைந்ததை அப்படியே வேனில் ஏற்றிவிடு, அக்கா மகன் மெட்ராஸுக்குக் கொண்டுபோய் காலேஜில் வைத்துச் சரிசெய்து கொண்டுவருவான், உனக்கும் சிரமம் இல்லை.

முள்ளிலிருந்து பொறுக்கி எடுத்த துண்டுகளை வீட்டில் பரப்பிவைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வால் பக்கத் துண்டை வெளிச்சத்தில் காட்டி, “இந்தக் கம்பி ஏன் செம்பா இருக்குது?” என்று கேட்டாள்.

அது செம்புக் கம்பி இல்லை. வால் மடலை இழுத்து மூக்கைத் தூக்கவைக்கும் இரும்புக் கம்பி. சைக்கிள் பிரேக் ஒயரிலிருந்து பிரித்து எடுத்த ஒற்றை இழை. வால் ஓரமாக அதன் முனையைக் காகிதப் பட்டை வைத்துப் பசையால் ஒட்டியிருந்தோம். ஒட்டிய இடத்தில் சிவந்து, இளைத்து, அறுந்திருந்தது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி அரித்துப்போய் மேலே செம்பு படியும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்த பரிசோதனை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் முழுக்க எங்கள் விமானத்தின் வாலுக்குள் அந்தப் பரிசோதனை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் ஜிகினாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பாயைக் கூட்டிவந்து காட்டினேன். கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. “எலிக்குப் போட்டது கம்பியத் தின்னுடுச்சே தம்பி,” என்றார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் கணக்கு தப்பில்லை, மோட்டார் தப்பில்லை, ஓட்டிய கை தப்பில்லை. பசைதான் தப்பு. பசையை மாற்றிக்கொள்ளலாம்.

மறுபடியும் கட்டினோம். நெட்டி தீர்ந்துபோய், பொங்கலுக்கு வாங்கி வீட்டு வாசலில் தொங்கவிட்டிருந்த பழைய மாலைகளைக் காலனியில் ஒவ்வொரு வீடாகக் கேட்டு வாங்கினேன். சிரித்தவர்களே கழற்றிக் கொடுத்தார்கள். துத்தம் இல்லாத பசை, கம்பிக்குப் பதில் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. எலி வந்தால் நானே காவல் இருப்பதாகச் சொன்னேன். விமானத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டு நாங்கள் வெளியே படுத்தோம். முடிந்த பிறகு ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்க்க வேண்டாமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். பறக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே வேன் வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை இன்னொரு முறை வந்தபோது சுற்றி வளைக்கவில்லை. விழா அன்று காலை வேன் வரும், பிளேனும் செட்டும் அதில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கடைச் சாவி மேசை மேல் இருக்க வேண்டும் என்றார். ஒயர்லெஸ் வைத்திருக்கிறவனைப் பற்றிப் போலீஸுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னார். லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நைனா அதற்குப் பிறகு என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பார். அது கெஞ்சுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

விழா அன்று காலை வேன் வந்தது. டிரைவர் எங்கள் தெருவுக்குள் வராமல் முனையில் நின்று ஹாரன் அடித்தார். நான் நடந்து போய், பிளேன் வராது என்று சொல்லி, கடைச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். இதை எதற்கு என்னிடம் கொடுக்கிறாய் என்று அவர் விழித்தார். கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அதற்கு அப்புறம் நடந்த நஷ்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். கடை போனது. மில் மோட்டார்கள் திண்டிவனத்துக்குப் போயின. நைனாவைக் கொல்லைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாய் கடையின் பாதியில் தட்டி மறைத்து, அங்கேயே நான் மறுபடியும் காயில் சுற்ற ஆரம்பித்தேன். வல்லத்து ஆட்களும் சிங்கவரத்து ஆட்களும் தேடிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் புகைந்தால் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் காயில் கட்டித்தானே ஆக வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்துக்கும் எங்கள் காலனிக்கும் நடுவில் ஏரிதான். சித்திரை ஏரி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் ஷாமியானா, நாற்காலி, புளியமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். இந்தப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டித் தண்ணீர்க் குழாய், அதில் குடம் வரிசை, எங்கள் தெருப் பெண்கள். என் அம்மாவும் வரிசையில் இருந்தாள். விமானத்தைக் கரைக்குக் கீழே சமமான இடத்தில் நிறுத்தினோம். என் மனைவி ஒரு முறம் நிறையச் சாமந்தி இதழ் ஆய்ந்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். வயிற்றை வெறுமையாக அனுப்ப மனசு வரவில்லை என்று சொல்லி, கதவைத் திறந்து கொட்டி மூடினாள். எங்கே போடுவது என்று நான் யோசித்திருக்கவே இல்லை. பறக்க வேண்டும், என் கையில் பறக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு.

ஸ்பீக்கரில் விருந்தினர் வந்துவிட்டதாகச் சொன்னபோது நான் மோட்டாரைப் போட்டேன். விமானம் வெடிப்பு நிலத்தில் தடதடவென்று ஓடியது. பிறகு தடதடப்பு நின்றது. மேலே போய்க்கொண்டிருந்தது. மூக்கை இறக்கினேன், இறங்கியது. தூக்கினேன், தூக்கிக்கொண்டது. நைலான் நரம்பு இழுப்பது என் விரலிலேயே தெரிகிற மாதிரி இருந்தது. பாய் சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தார்.

ஏரி மேல் ஒரு பெரிய வட்டம் போட்டு மைதானத்துப் பக்கம் திரும்பியபோது ஷாமியானாவுக்குள் இருந்தவர்கள் வெளியே வருவது தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, நெற்றியில் கை வைத்து, எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்போது ஸ்பீக்கர் பேசியது.

“இதோ வானத்தில் நீங்கள் காண்பது நமது முதலாளி அவர்களின் மருமகப்பிள்ளை இயக்குகின்ற விமானம். இன்னும் சில நொடிகளில் சிறப்பு விருந்தினர் மீது மலர் மாரி பொழியும்.”

மைக்கில் பேசியவருக்கு விஷயம் தெரியாதா, தெரிந்துதான் பேசினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பையன் மேடைக்குப் பக்கத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாவம், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் ரத்தம் கொதித்தது. ஒரு வருஷம் நெட்டி சீவியது, எழுதி எழுதி லைசென்ஸ் வாங்கியது, முள்ளில் பொறுக்கியது, சாவியைக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரே வரியில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் கத்தினால் ஏரியைத் தாண்டிக் கேட்காது. என்னிடம் ஸ்பீக்கர் இல்லை. விமானம்தான் இருந்தது.

மைதானத்தை நோக்கி நேராகவே போகவிட்டேன். அங்கே கை தட்டுவது கேட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போகவிட்டு, ஷாமியானாவுக்கு முன்னால் ஒரேயடியாகத் திருப்பினேன். முதுகைக் காட்டிக்கொண்டு, வாலில் பாயின் ஜிகினா வெயிலில் மின்ன, எங்கள் பக்கம் வந்தது. ஏரியைத் தாண்டியது. கரையைத் தாண்டியது. குழாயடி மேல் வந்ததும் கதவைத் திறந்தேன்.

மஞ்சளாகக் கொட்டியது. குடத்துக்குள், கூரை மேல், பெண்கள் தலையில், ஆடுகள் முதுகில். ஊரே அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணியில் பூவைக் கொட்டினவன் எவன் என்று அம்மா கத்தினாள். தலையிலிருந்த இதழைத் தட்டிவிடவில்லை. ஆடுகள் தின்ன ஆரம்பித்தன.

பேட்டரி தளர்வது சத்தத்தில் தெரிந்தது. காற்றுக்கு எதிராகத் திருப்பி இறக்கினேன். ஒரு சக்கரம் மட்டும் கழன்று ஓடியது. மற்றபடி முழுசாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் மில் ஆள் ஒருவன் சைக்கிளில் ஏரியைக் குறுக்கே கடந்து வந்தான். நான் மண்டி போட்டு மோட்டார் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து பதில் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் நைனா எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அவர் எப்போது வந்தார் என்றே எனக்குத் தெரியாது. இத்தனை நாள் கெஞ்சிய மனிதர். இப்போது அவன் காலில் விழுந்துவிடுவார் என்றுதான் பயந்தேன்.

வந்தவன் இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அய்யா கேட்கச் சொன்னார், யார் சொல்லி இந்த வேலை நடந்தது என்று கேட்டான்.

“நான்தான் வுடச் சொன்னேன்,” என்றார் நைனா. “எம் புள்ள வுட்டான். போயி அப்டியே சொல்லு.”